காதில் நிற்காத இயர்போன்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

இயர்போன் காதில் நிற்கவில்லை என்றால் நம்மில் பலர் முதலில் செய்வது வேறொன்றை வாங்குவதுதான். மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ போன் கடைகளுக்குக் குறைவில்லை. சுவரில் தொங்கும் பெட்டிகளில் ஒன்றைக் காட்டிக் கேட்டால் உடனே கைக்கு வந்துவிடும். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கிய புதியதும் பழையதைப் போலவே நழுவத் தொடங்கும்போது, "என்ட காதுதான் சரியில்ல" என்று காதின் மேல் பழியைப் போட்டுவிட்டு, ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே கேட்கப் பழகிவிடுகிறோம். அப்படிப் பழகிக்கொள்ளத் தேவையில்லை என்று சொல்லவே இந்த வழிகாட்டி. எந்த நேரத்தில், எந்தக் காதிலிருந்து, எந்தப் பக்கமாக விழுகிறது என்பதைக் கவனித்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்குக் காசு செலவழிக்காமலே, அல்லது இயர்போனின் நுனியில் மாட்டும் ஒரு சோடி இறப்பரை மாற்றும் செலவோடு, தொல்லை தீர்ந்துவிடும்.

கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் ஒழுங்கிலேயே செய்து பாருங்கள். முன்னால் உள்ளவை செலவில்லாதவை. பின்னால் உள்ளவை பணம் கேட்பவை.

படி 1: எப்போது விழுகிறது என்று பாருங்கள்

இரண்டொரு நாட்களுக்கு இயர்போனைத் திட்டாமல் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அசையாமல் கதிரையில் இருக்கும்போதே, தொட்டவர் எவருமின்றி அது மெல்ல மெல்ல வெளியே வந்தால், இறப்பரின் அளவு பொருந்தவில்லை அல்லது சரியான ஆழத்துக்கு அது போகவில்லை. பேசும்போதும் சாப்பிடும்போதும் மட்டும் வந்தால் தாடை அசைவு அதைத் தள்ளுகிறது. கழுத்தைத் திருப்பும்போது சட்டென்று கழன்றால் வயர் இழுக்கிறது. நடக்கத் தொடங்கிச் சிறிது நேரம் நன்றாக இருந்து, உடம்பு வியர்த்த பிறகு வழுக்கினால் அது ஈரத்தாலும் எண்ணெயாலும் வருவது. ஒரு காதில் மட்டும் எப்போதும் விழுகிறது என்றால் அந்தக் காதுக்கு வேறு அளவு வேண்டும்.

இந்த ஐந்தும் வேறு வேறு நோய்கள். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குப் பயன்படாது. வயர் இழுத்து விழுகின்ற இயர்போனுக்குப் பெரிய இறப்பரைப் போட்டால் காது வலிக்குமே தவிர விழுவது நிற்காது.

படி 2: காதின் அமைப்பை அறிந்துகொள்ளுங்கள்

வளர்ந்த ஒருவரின் செவிக்கால்வாய் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமுடையது. அது நேரான குழாய் இல்லை. வாயிலிலிருந்து செவிப்பறை வரை இரண்டு இடங்களில் மெல்ல வளைந்து செல்கிறது. அதன் வெளிப்புற மூன்றிலொரு பகுதி மிருதுவான கசியிழையத்தால் ஆனது, எஞ்சிய உட்பகுதி எலும்பால் ஆனது. இயர்போனின் இறப்பர் தங்கவேண்டிய இடம் அந்த மிருதுவான வெளிப்பகுதி. குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளும் மெல்லிய மயிர்களும் அங்கேதான் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள், பின்னால் அது தேவைப்படும்.

காதுத் துவாரத்தின் முன்னால், கன்னத்தை ஒட்டி ஒரு சிறிய மேடு துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு எதிரே கீழ்ப்பக்கத்தில் இன்னொரு சிறு மேடு உண்டு. இவை இரண்டுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான், இறப்பர் இல்லாத தட்டையான தலையுள்ள இயர்போன்கள் உட்காருகின்றன. அந்த இரண்டு மேடுகளும் எடுப்பாக இல்லாதவர்களுக்குத் தட்டையான வகை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் நிற்பது அரிது. கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் திரும்பி உங்கள் காதைப் பாருங்கள். முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் போனால் இரண்டு காதுகளையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பலருக்கு வலக்காதும் இடக்காதும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருப்பதில்லை. பெண்களின் செவிக்கால்வாய் சராசரியாக ஆண்களினதை விடச் சிறியது. ஆகவே வீட்டில் அண்ணனுக்குப் பொருந்திய இயர்போன் தங்கைக்கு வலியைத் தருவதில் வியப்பில்லை.

இன்னொன்று தாடை மூட்டு. செவிக்கால்வாயின் முன்சுவருக்கு மிக அருகில் அது இருக்கிறது. உங்கள் சின்ன விரலைக் காதுத் துவாரத்தில் மெதுவாக வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால், சுவர் அசைவதை விரலிலேயே உணரலாம். கொழும்புக்குப் போகும் உதயதேவி புகையிரதத்தில் கச்சானைக் கொறித்தபடி பாட்டுக் கேட்பவரின் இயர்போன் ஏன் பொலன்னறுவைக்கு முன்பே மடியில் விழுகிறது என்பதற்கு விளக்கம் இதுவே. ஒவ்வொரு மெல்லலுக்கும் கால்வாயின் வடிவம் சற்று மாறுகிறது, பிடி தளர்கிறது.

படி 3: இறப்பரின் அளவை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகத் தெரிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

காதுக்குள் போகும் வகை இயர்போன்களுடன் வழமையாக மூன்று சோடி இறப்பர்கள் வரும். நடுத்தர அளவு ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும்; மற்ற இரண்டும் ஒரு சிறு பையில், பெட்டியின் அடியில் கிடக்கும். பெட்டியோடு சேர்த்து அந்தப் பையையும் எறிந்துவிடுபவர்கள் எத்தனையோ பேர். இவை சிலிக்கோனால் ஆனவை, விட்டம் பொதுவாக 10 முதல் 14 மில்லிமீற்றருக்குள் இருக்கும். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்தாலும் காதுக்குப் பெரியது. பெரிய நிறுவனங்களும் இதைத் தாமதமாகவே உணர்ந்தன: அப்பிள் நிறுவனம் 2019 இல் வெளியிட்ட ஏர்பாட்ஸ் புரோவுடன் மூன்று அளவுகளையே கொடுத்தது, 2022 இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் மிகச் சிறிய நான்காவது அளவைச் சேர்த்தது.

பலர் எண்ணுவதற்கு மாறாக, வழுக்கி விழும் இயர்போனுக்கு எப்போதும் பெரிய இறப்பர்தான் மருந்து என்றில்லை. அளவுக்கு மிஞ்சிய இறப்பர் கால்வாயின் வாயிலிலேயே மடிந்து நின்றுவிடும். மடிந்த சிலிக்கோன் விரிய முயலும்போது இயர்போனை வெளியே தள்ளும். போத்தலின் வாயைவிடப் பெரிய தக்கையை எவ்வளவு அழுத்தினாலும் மேலே எழும்பி வருவது போன்றதுதான் இது. மிகச் சிறியதோ எந்தச் சுவரையும் தொடாமல் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே சிறியது, பெரியது இரண்டையும் சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வரவேண்டாம்.

சோதிக்கும் முறை இது. மேளமோ தவிலோ நன்றாக ஒலிக்கின்ற ஒரு பாட்டைக் குறைந்த ஒலியில் போடுங்கள். சிறிய இறப்பரை வலக்காதில் மட்டும் மாட்டிக் கேளுங்கள். பிறகு விரலால் இயர்போனை மெதுவாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது மேளத்தின் அடிநாதம் திடீரென்று கூடினால் காற்று கசிகிறது, அந்த அளவு போதவில்லை. அழுத்தினாலும் விட்டாலும் ஒலியில் மாற்றம் இல்லையென்றால் இறப்பர் சுற்றிவர ஒட்டியிருக்கிறது. அடுத்து வாயை அகலத் திறந்து மூடுங்கள், தலையை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள், குனிந்து நிமிருங்கள். அரை மணிநேரம் கழித்தும் வலியோ அழுத்தமோ தோன்றவில்லை என்றால் அந்தக் காதுக்கு அதுவே அளவு. இதையே இடக்காதுக்குத் தனியாகச் செய்யுங்கள். வலத்தில் நடுத்தரமும் இடத்தில் சிறியதும் என்று முடிவு வந்தால் அப்படியே மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சில விலை கூடிய வயரில்லா இயர்போன்கள், பொருத்தத்தைத் தாமே சோதித்துப் போனில் சொல்லும் வசதியோடு வருகின்றன. உங்களுடையதில் அது இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் அது காற்றுக் கசிவை மட்டுமே அளக்கும். நடக்கும்போது விழுமா என்பதை அளக்காது.

பெட்டியோடு வந்த இறப்பர் தொலைந்துவிட்டால் புதிய இயர்போன் வாங்கவேண்டிய அவசியமில்லை. கடைக்குப் போகும்போது இயர்போனைக் கையோடு கொண்டுபோய், "தம்பி, இதுக்கு சின்ன றப்பர் மட்டும் தனியா இரிக்கா?" என்று கேளுங்கள். திருத்தவேலை செய்யும் கடைகளில் பழுதான செட்டுகளிலிருந்து கழற்றி வைத்தவை கூடக் கிடைக்கும். அப்படி வாங்கினால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிய பின்பே பயன்படுத்துங்கள். இறப்பர் மாட்டும் குழலின் தடிப்பு செட்டுக்குச் செட்டு மாறும் என்பதால், வாங்குமுன் அங்கேயே மாட்டி இழுத்துப் பாருங்கள். தளர்வாக மாட்டிய இறப்பர் காதுக்குள்ளேயே கழன்று தங்கிவிடும் ஆபத்து உண்டு. அப்படித் தங்கிவிட்டால் கொண்டை ஊசியாலோ தீக்குச்சியாலோ கிண்டாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். கிண்டக் கிண்ட அது எலும்புப் பகுதிக்குள் போய்விடும்.

படி 4: காதில் போடும் முறையை மாற்றுங்கள்

சரியான அளவைத் தெரிவு செய்தவர்களும் தவறவிடுகின்ற இடம் இது. இயர்போனை எடுத்து வெறுமனே துவாரத்தில் வைத்து அழுத்தினால், கால்வாயின் முதல் வளைவிலேயே அது முட்டி நின்றுவிடும். வைத்தியர் காதைப் பரிசோதிக்கும்போது காதுமடலை மேலேயும் பின்னேயும் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வளைந்த கால்வாய் அப்போது நேராகிறது. அதையே நாமும் செய்யவேண்டும்.

வலக்காதில் போடும்போது இயர்போனை வலக்கையில் பிடியுங்கள். இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலக்காதின் மேல்நுனியைப் பிடித்து, மேலேயும் சற்றுப் பின்னேயும் மெதுவாக இழுங்கள். வாயைச் சிறிது திறந்து வைத்துக்கொண்டு, இயர்போனின் குழல் மூக்கின் பக்கமாகச் சற்று முன்னோக்கி இருக்கும்படி வைத்து, மெல்லத் திருகியபடி உள்ளே விடுங்கள். பிறகு காதுமடலை விட்டுவிட்டு வாயை மூடுங்கள். கால்வாய் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது இறப்பரைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் இது கைக்குச் சிக்கலாக இருக்கும், சில நாட்களில் யோசிக்காமலே கை போகும்.

இடது, வலது என்ற அடையாளத்தைப் பார்த்துப் போடுவதும் இதில் சேரும். ஒன்றை மற்றக் காதில் போட்டால் குழல் பின்னோக்கித் திரும்பிக் கால்வாயின் சுவரை முட்டும். தண்டு நீண்டிருக்கும் வயரில்லா வகையில், தண்டை நேரே கீழே தொங்கவிடாமல் வாயின் பக்கமாகச் சற்றுத் திருப்பினால் பிடி கூடும்.

கழற்றும்போதும் அவசரம் வேண்டாம். நன்றாக ஒட்டியிருக்கும் இறப்பரைச் சட்டென்று இழுத்தால் செவிப்பறையில் அமுக்கம் மாறி வலிக்கும். சற்றுத் திருகிக் காற்றை உள்ளே விட்டபின் எடுங்கள்.

படி 5: வியர்வை, தலை எண்ணெய், குறும்பி

கிழக்கின் வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து, குளிர் நாட்டில் நின்ற இயர்போனைக்கூட இங்கே வழுக்கச் செய்யும். காலையில் கல்லடிக் கடற்கரையில் நடப்பவர்களும், வெபர் மைதானத்தைச் சுற்றி ஓடுபவர்களும் இதை நன்கு அறிவார்கள். வெக்கையான கச்சான் காற்று அடிக்கின்ற மாதங்களில் வெயில் ஏறுமுன்பே காது நனைந்துவிடும். சிலிக்கோன் உலர்ந்த தோலில் நன்றாகப் பிடிக்கும், ஈரமான தோலில் பிடிக்காது. எண்ணெய் பட்ட தோலில் சிறிதும் பிடிக்காது. குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் தலை வாரியபின் அதே விரல்களால் இயர்போனை எடுத்துக் காதில் போடுகிறோம். எண்ணெய் விரலில் இருக்கிறது, காதுமடலின் பின்புறத்திலும் வழிந்திருக்கிறது, பிறகு இறப்பரிலும் ஒட்டுகிறது.

ஆகவே போடுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். உலர்ந்த பருத்தித் துணியின் நுனியால் காதுமடலின் பள்ளத்தையும் துவாரத்தின் வாயிலையும் மட்டும் ஒற்றி எடுங்கள், உள்ளே விடவேண்டாம். நடக்கப் போகும்போது ஒரு சிறிய கைக்குட்டையை வைத்திருங்கள், இடையில் ஒருமுறை துடைத்துக்கொண்டால் போதும்.

வாரத்துக்கு ஒருமுறையாவது இறப்பரைக் கழற்றி, இளஞ்சூடான தண்ணீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கழுவி, முழுதாக உலர்ந்தபின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தண்ணீர் ஒலி வரும் வலையில் இறங்கிவிடும். அந்த உலோக வலையில் குறும்பி அடைத்திருந்தால், வலை நிலத்தைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பயன்படுத்தாத மென்மையான பற்தூரிகையால் உலர்வாகத் துலக்குங்கள். அழுக்கு உள்ளே போகாமல் கீழே விழும். ஊசியால் குத்தினால் வலை கிழிந்துவிடும். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அடைத்த வலை ஒலியைக் குறைக்கிறது, ஒலி குறைந்தவுடன் கேட்பவர் இயர்போனை இன்னும் ஆழமாகத் திணிக்கிறார், திணித்தது மறுபடி வெளியே வருகிறது. நழுவுகிறது என்று கொண்டுவரப்படும் சில இயர்போன்களில் உண்மையான பழுது அந்த வலையில்தான் இருக்கும்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரை அது தாங்கும் என்று பொருள். வியர்வைக்கு அது போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வரை தாங்கும், ஆனால் அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ கடலில் இறங்க அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

படி 6: வயர் இழுப்பதை நிறுத்துங்கள்

வயருள்ள இயர்போன் காதிலிருந்து நேரே கீழே தொங்கும்போது, வயரின் பாரம் முழுவதும் இறப்பரின் மேல் விழுகிறது. போனைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் கை உரசும் ஒவ்வொரு முறையும் அது காதை இழுக்கிறது. இதற்குச் செலவில்லாத தீர்வு, வயரைக் காதுமடலின் மேலாகச் சுற்றிக் காதின் பின்னால் இறக்குவது. அப்போது இழுவையைக் காதுமடல் தாங்கிக்கொள்ளும், இறப்பருக்கு அது போய்ச் சேராது. வயர் சட்டையில் உரசும்போது கேட்கும் கரகர என்ற ஒலியும் இதனால் பெரிதும் குறையும்.

குழல் சாய்வாக உள்ள செட்டுகளில் இப்படிச் சுற்றுவதற்கு வலதை இடக்காதிலும் இடதை வலக்காதிலும் தலைகீழாக மாட்டவேண்டி வரலாம். படி 4 இல் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு, ஏனென்றால் தலைகீழாகத் திருப்பும்போது சாய்வும் சேர்ந்து திரும்புகிறது. இசையில் வலமும் இடமும் மாறி ஒலிக்கும். பாடம், செய்தி, ஓதல் கேட்பவர்களுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

வயர் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு சிறு வளையம் இருந்தால் அதைத் தாடைக்குக் கீழே வரை ஏற்றிவிடுங்கள். சட்டையில் கவ்வும் கிளிப் இருந்தால் கழுத்துப் பட்டிக்குக் கிட்ட மாட்டி, அதற்கும் காதுக்கும் இடையில் தலையைத் திருப்பப் போதிய வயரை மட்டும் தளர்வாக விடுங்கள். எஞ்சிய வயரைச் சட்டைக்கு உள்ளே விட்டால் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் எவரும் இழுக்கமாட்டார்கள்.

மருதமுனையில் கைத்தறியில் இருப்பவரை எண்ணிப் பாருங்கள். கை கயிற்றை இழுக்கிறது, கால் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறது, மேலுடம்பு ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் போய்வருகிறது. முன்னால் தொங்கும் வயர் அங்கே காதிலும் நிற்காது, தறியிலும் சிக்கும். முதுகுப் பக்கமாக வயரை இறக்கி, ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்வதே அந்த வேலைக்கு ஏற்றது. தையல் இயந்திரத்தில் இருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

படி 7: முக்காடு, கண்ணாடி, முகக்கவசம்

ஹிஜாப் அணிபவர்கள், அணிந்த பிறகு துணிக்குள் கையை விட்டு இயர்போனைத் திணிப்பதைத் தவிர்த்து, முதலில் இயர்போனைச் சரியாகப் போட்டு, வயரைக் கழுத்தின் பின்னால் இறக்கி, அதன் பின் துணியைச் சுற்றுவது நல்லது. காதின் மேல் வரும் மடிப்பு இறுக்கமாக இருந்தால் தலையைத் திருப்பும்போது துணி இயர்போனையும் சேர்த்துத் திருப்பும். அந்த இடத்தில் மட்டும் ஒரு விரல் அளவு தளர்த்திவிடுங்கள். தொடுகைக்கு இயங்கும் வயரில்லா இயர்போன் என்றால் துணி உரசியே பாட்டு நிற்கும், அழைப்பு துண்டிக்கப்படும். அதன் செயலியில் தொடுகைக் கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கலாம். உள்ளதில் சிறியதும் தண்டில்லாததுமான வகையே துணிக்குள் அமைதியாக இருக்கும்.

கண்ணாடி அணிபவர்கள் காதின் மேல் மாட்டும் கொக்கியுள்ள வகையை வாங்குமுன் கண்ணாடியோடு சேர்த்து மாட்டிப் பாருங்கள். இரண்டு தண்டுகளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். முகக்கவசத்தைக் கழற்றும்போது அதன் நாடா வயரில்லா இயர்போனைத் தட்டிவிடுவது வழமை, ஆகவே முதலில் இயர்போன், பிறகு கவசம் என்ற ஒழுங்கில் கழற்றுங்கள்.

படி 8: இவ்வளவுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால்

இப்போதுதான் காசு செலவழிக்கலாம்.

முதலில் பஞ்சு முனையைப் பாருங்கள். அழுத்தினால் சுருங்கி மெல்ல விரிகின்ற பஞ்சால் ஆனது அது. விரல்களுக்கிடையில் உருட்டிச் சுருக்கி, படி 4 இல் சொன்னபடி காதை இழுத்து உள்ளே விட்டு, விரியும் வரை அரை நிமிடம் அளவில் பிடித்திருக்கவேண்டும். சிலிக்கோனைவிட இதன் பிடி உறுதியானது, காதின் வடிவத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும். குறை என்னவென்றால் வியர்வையையும் குறும்பியையும் உறிஞ்சும், சில மாதங்களில் தேய்ந்துவிடும், ஸ்பிரிட் பட்டால் கெட்டுவிடும். நம் காலநிலையில் ஓடுபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரவு பஸ்ஸிலோ புகையிரதத்திலோ நீண்ட தூரம் போகிறவர்களுக்கும், சத்தமான வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது மிகவும் ஏற்றது.

தட்டையான தலையுள்ள இயர்போனுக்குச் சிறு கொக்கியோடு கூடிய சிலிக்கோன் உறைகள் விற்கப்படுகின்றன. அந்தக் கொக்கி காதுமடலின் உள்மடிப்புக்குக் கீழே போய் முட்டுக்கொடுக்கும். வயரில்லா வகையில் இந்த உறையோடு சார்ஜ் பெட்டியை மூட முடியாமல் போகலாம். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டவேண்டும் என்பதை அறிந்து வாங்குங்கள். ஓடுபவர்களுக்குக் காதின் பின்னால் சுற்றி வரும் முழுக் கொக்கி உள்ள வகையே நம்பகமானது. நெக்பேண்ட் வகை காதிலிருந்து விழுந்தாலும் கழுத்தில் தங்கும்; கல்லடிப் பாலத்தின் ஓரமாக நடக்கும்போது ஒரு பட்ஸ் வாவிக்குள் போய்விடுமோ என்ற கவலை அதில் இல்லை.

சிலருடைய காதுக்கு உள்ளே போகும் எந்த வகையும் ஒத்துவராது. அவர்கள் தலையில் மாட்டும் ஹெட்போனையோ, எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் வகையையோ பார்க்கலாம். இரண்டாவது வகை காதுத் துவாரத்தை மூடுவதில்லை. கன்னத்து எலும்பின் மேல் அமர்ந்து, அதிர்வை உட்காதுக்கு அனுப்புகிறது. மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் ஓசையைக் கேட்க நிலவுக் காலத்தில் தோணியில் போனவர்கள், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டார்கள் அல்லவா, திடப்பொருளின் வழியே ஒலி வரும் அதே இயல்பைத்தான் இந்தக் கருவியும் பயன்படுத்துகிறது. அடிநாதம் இதில் மெலிவாகவே இருக்கும். ஆனால் விழுகின்ற தொல்லை இல்லை, சுற்றுப்புறச் சத்தமும் கேட்கும்; வீதியோரம் நடப்பவர்களுக்கு இதுவே என் முதல் தெரிவு.

வீதியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மோட்டார் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் இயர்போனை எப்படி நிறுத்துவது என்று பலர் கேட்பதுண்டு. நிறுத்தவேண்டாம். பின்னால் வரும் பஸ்ஸின் ஹோனும் கடவையை நெருங்கும் புகையிரதத்தின் ஒலியும் உங்கள் காதுக்கு எட்டவேண்டும். அம்பாறைப் பக்கம் யானை நடமாட்டமுள்ள வீதிகளில் மாலை வேளையில் நடப்பவர்களும் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு போகக்கூடாது.

படி 9: நன்றாக நிற்கும் இயர்போனும் காதின் நலமும்

தளர்ந்த இயர்போனின் மிகப் பெரிய தீங்கு அது விழுவதில் இல்லை. விழாமல் பாதியில் தொங்கும்போது ஒலி கசிவதால், ஈடுகட்ட நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதில் இருக்கிறது. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 40 மணிநேரம் 80 டெசிபல் ஒலியைக் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணிநேரம் மட்டுமே. பத்து டெசிபல் கூடும்போது நேரம் பத்திலொன்றாகக் குறைகிறது. ஆகவே இறப்பரைச் சரியாகப் பொருத்தியவுடன் முதல் வேலையாக ஒலியைக் குறைத்துப் பாருங்கள். முன்பு கேட்ட அளவில் பாதியே போதும் என்பது உங்களுக்கே தெரியவரும்.

சரியாகப் பொருந்திய இயர்போன் காதுக்குள் காற்றோட்டத்தை நிறுத்திவிடும் என்பது இதன் மறுபக்கம். நம் வெக்கையில் மணிக்கணக்காக அடைத்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணமும் பற்றீரியாவும் வளர இடம் கிடைக்கும். ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது கழற்றி வையுங்கள். கடலிலோ குளத்திலோ குளித்தபின் காது நன்றாக உலரும்வரை போடவேண்டாம். உங்கள் இயர்போனை வீட்டிலுள்ளவர்களுக்குக் கொடுத்தாலும் இறப்பரைக் கழுவிக் கொடுங்கள்.

குறும்பியை எடுக்கப் பஞ்சுக் குச்சியை விடாதீர்கள். வெளியே வருவதை விட உள்ளே தள்ளப்படுவதே அதிகம். தாடை அசையும்போது குறும்பி தானாகவே வெளியே வந்துகொண்டிருக்கும். காதில் தொடர்ந்து கடி, முன்மேட்டை அழுத்தினால் வலி, நீர் வடிதல், கேட்கும் திறன் குறைதல் என்பவற்றில் ஏதேனும் இருந்தால் இயர்போனை உடனே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். எண்ணெயைச் சூடாக்கிக் காதில் விடும் கைவைத்தியத்தை அப்போது செய்யவே கூடாது. செவிப்பறையில் துளை இருந்தால் அது பெரிய கேட்டில் முடியும்.

படி 10: புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால்

பெட்டியில் எத்தனை சோடி இறப்பர் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மூன்றுக்குக் குறைவென்றால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள். குழல் நேராக உள்ளதை விடச் சற்றுச் சாய்ந்துள்ளதே பெரும்பாலான காதுகளுக்குப் பொருந்தும். கையில் எடுத்துப் பாரத்தைப் பாருங்கள், அதிலும் பாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கனமாக இருந்தால் அது எப்போதும் கீழ்நோக்கிச் சாய்ந்துகொண்டே இருக்கும். விளம்பரப் படத்தில் அழகாகத் தெரிவதற்காகப் பெரிதாகச் செய்தவை பல உண்டு.

காதுக்குள் போகும் பொருள் என்பதால் பல கடைகளில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயமானதே. ஆனால் காட்சிக்கு வைத்திருக்கும் செட் இருந்தால், நீங்கள் கொண்டுபோன சொந்த இறப்பரை அதில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சம்மதித்தால் கடைக்குள்ளேயே குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் ஒருமுறை நிமிருங்கள், தலையை இருபக்கமும் திருப்புங்கள், கடைக்காரரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். வயரில்லா வகை என்றால், தொலைந்தால் ஒரு பக்கத்தை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்பதையும், பற்றுச்சீட்டில் எத்தனை மாத உத்தரவாதம் எழுதித் தருவார்கள் என்பதையும் பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் மீதி இறப்பர்கள் உள்ள சிறு பையை, இயர்போன் பெயரை எழுதி, மாத்திரை வைக்கும் டப்பா ஒன்றில் போட்டு வையுங்கள்.